கோதையாற்றில் நீ இறங்கிய காரணம்

மக்கா,

இன்று காலை வயலுக்குப் பாயும் சானலில் புதுத்தண்ணீர் வந்துவிட்டது. நான் பார்க்கப் போகவில்லை. சவரம் செய்துகொண்டிருந்தேன்; சன்னல் வழியாக வாசனைதான் முதலில் வந்தது. வெயிலில் வெந்த மண், அழுகின சருகு, ஈரம். அதற்குப் பிறகு பெண்களின் குரவைச் சத்தம். ஆட்கள் "வந்துட்டு, வந்துட்டு" என்று கூவிக்கொண்டு சானல்கரைக்கு ஓடினார்கள். கத்தி கன்னத்தில் இழுத்துவிட்டது. சன்னலைச் சாத்தினேன். சாத்தினால் வாசனை போய்விடுமா? முகத்தில் பாதிச் சோப்போடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். வருஷா வருஷம் பார்க்கிற கூத்துதானே அவளுக்கு.

நீ போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. போனவனுக்குக் கடிதம் எழுதுகிறவனைப் பைத்தியக்காரன் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு எழுத வேண்டியது ஒரே ஒரு காரியம். அன்று நீ ஏன் ஆற்றில் இறங்கினாய் என்பது. முந்தாநாள் வரை அது உனக்கும் எனக்கும் மலையில் ஒரு காணிக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். ஊருக்குத் தெரியாது. நாளை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் எழுந்து நின்று சபையார் எல்லாரும் கேட்க அதைச் சொல்ல வேண்டும். சொல்வேனா என்று எனக்கே நிச்சயமில்லை. ஆகவே முதலில் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

யுத்தம் முடிந்து நீ திரும்பி வந்தபோது ஊர் உனக்குப் 'பட்டாளம்' என்று பேர் வைத்தது. நீ துப்பாக்கியைத் தொட்டதே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கிரேக்க தேசத்து மலைகளில் கோவேறு கழுதைகளை ஓட்டினாய். இரண்டு பக்கமும் மலை செங்குத்தாக நிற்க, நடுவில் ஒரு வண்டிகூடப் போக முடியாத இடுக்கு. அதற்குள் நாற்பது கழுதைகள் வரிசையாக மாவு மூட்டை சுமந்து போகும். பாறையெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும், ஒரு பச்சை இலை கிடையாது, எங்கேயோ மேலே ஆட்டு மணி மட்டும் கேட்கும் என்பாய். ஓர் ஆட்டிடையன் உனக்கு ஒலிவக்காய் தந்தானாம். "வேதத்துல எவ்வளவு தடவ கேட்டிருக்கோம்! வாயில போட்டா ஒரே கசப்பு, உப்பு. நம்ம நெல்லிக்கா ஊறுகாய் இதவிட நூறு மடங்கு கொள்ளாம்லே" என்று நீ சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் வெற்றிலை தெறித்து உன் வெள்ளைச் சட்டை பாழானது.

அந்த இடுக்கில் நீ கற்றுக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு. "முன்ன போறவன் நூறு அடிக்கு ஒருக்கத் திரும்பிப் பாக்கணும். பின்ன வாறவன் காணலேன்னா நிக்கணும், திரும்பிப் போணும். மத்ததெல்லாம் பெறவு." நாகர்கோவில் சந்தைக்குப் போனாலும் நீ இப்படித்தான் நடப்பாய். நூறு அடிக்கு ஒருமுறை உன் தலை திரும்பும். நான் வேண்டுமென்றே ஏதாவது ஒரு கடைக்குள் ஒளிந்துகொள்வேன். நீ வந்து கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாய்.

மலைக்குப் போகலாம் என்று சொன்னது நீதான். "எவனோட மலையெல்லாமோ நடந்து தேஞ்சாச்சு. நம்ம வீட்டு முற்றத்துல நின்னா தெரியுத மலைய ஒருநாள் போய்ப் பாத்தோமா?" என்று கேட்டாய். பேச்சிப்பாறை அணைக்கு மேலே கோதையாறு ஓர் இடுக்குக்குள்ளிருந்து வருகிறது, அதற்குள் ஆற்றோடு நடந்தே மேல்மலைக்குப் போகலாம் என்று யாரோ உன்னிடம் சொல்லியிருந்தார்கள். ஆறு வற்றிக் கிடந்தால்தான் அது நடக்கும். அந்த வருஷம் ஆறு நன்றாகவே வற்றிக் கிடந்தது.

அந்த வைகாசி உனக்கு ஞாபகம் இருக்கும். கன்னிப்பூ சாகுபடிக்குப் பாவின நாற்று இருபது நாளாகத் தண்ணீர் காணாமல் நுனி கருகி நின்றது. மாட்டுக்குக் குடிக்கக்கூடக் குளத்தில் சேறுதான். சபையில் மழைக்காக விசேஷ ஜெபம் நடந்தது. சானல் எப்போது திறப்பார்கள் என்பதைத் தவிர ஊரில் வேறு பேச்சு இல்லை. அப்போதுதான் போதகர் ஐயா அந்த அறிவிப்பை எழுதிக் கொடுத்தார். புதுத்தண்ணீர் வரும்போது அதில் இறங்கி, தலையில் தெளித்து, கண்ணில் ஒற்றிக்கொள்வது அஞ்ஞான வழக்கம். அதைச் செய்கிற சபையார் திருவிருந்தில் சேரக்கூடாது. சபைப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள் செய்தால் வேலையிலிருந்து நீக்கப்படுவார்கள். உபாத்தியாயர் என்ற முறையில் அதை உரக்க வாசித்தவன் நான். வாசிக்கும்போது பார்த்தேன், நீ ஆண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தாய். வெளியே வந்ததும் கேட்டாய், "ஏலே, நீ தெளிக்காம இருந்துருவியா?"

இருந்துவிடுவேன் என்றுதான் சொன்னேன். முப்பது வருஷமாக வருஷந்தோறும் செய்துவந்த காரியம் அது. என் அப்பா அவருடைய தோளில் என்னை உட்கார வைத்து முதல் தண்ணீரைத் தெளித்தவர். எந்தச் சாமிக்காகவும் நாம் அதைச் செய்யவில்லை. தண்ணீர் வந்தால் கை தானாகக் குவியும், அவ்வளவுதான். போதகர் ஐயா வெளியூர். அவர் பிழைப்பு தண்ணீரை நம்பி இல்லை.

உன் தங்கம்மைக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம். "மழை தொடங்குதுக்கு முன்ன வந்துரணும், கேட்டேளா" என்று உன்னிடம் சொன்னாள். என்னிடம் தனியாக, "வாத்தியாரே, மலையில சாராயம் காய்ச்சுவானுவளாம். அவிய எனக்குச் சத்தியம் செய்து தந்திருக்காவ. நீங்கதான் பாத்துக்கணும்" என்றாள். பட்டாளத்தில் பழகின குடியை நீ கல்யாணத்துக்கு மறுநாள் விட்டாய். அதற்குப் பிறகு ஒரு துள்ளி தொட்டதில்லை. நான் அவளுக்குப் பெரிய மனுஷனைப்போல் வாக்குக் கொடுத்தேன்.

அந்த முதல் இரண்டு நாட்களைப்போல் என் வாழ்க்கையில் வேறு நாள் இல்லை. அணைக்கரை வரை வண்டியில் போய், அங்கிருந்து நடை. நீ அந்தப் பழைய பட்டாளத்து பூட்ஸ், நான் வெறுங்கால். அவித்த மரச்சீனிக் கிழங்கும் கருவாடும் மூட்டையில். மலைவாசிகளான காணிக்காரர்களின் குடியில் மாதேவன் காணி வழிகாட்ட ஒப்புக்கொண்டார். நம் இருவரையும்விடக் குட்டையான ஆள், ஒரு வெட்டுக்கத்தி மட்டும் கையில். அட்டை கடிக்காமல் இருக்க என் காலில் புகையிலைச் சாறும் சுண்ணாம்பும் பூசிவிட்டார். ஈற்றை மூங்கில் காட்டுக்குள் யானை சற்று முன் போட்டுவிட்டுப் போன சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. நான் திரும்பி ஊருக்கே போகலாம் என்றேன். "யானைக்கு உன் ஒடம்பப் பாத்தா சொந்தக்காரன்னு தோணும், ஒண்ணுஞ் செய்யாது" என்றாய் நீ.

இடுக்குக்குள் நுழைவதற்கு முன்னால் காணி நம்மை நிறுத்தினார். ஆற்றைக் காட்டிச் சொன்னார்: "இங்ஙன வெயிலடிக்கும், மேல மழை பெய்யும். ஆறு செவந்தா அப்பமே கரை கேறணும். எதுக்குன்னு கேக்கப்பிடாது. சாமான் எடுக்க நிக்கப்பிடாது. கேட்டுதா?" நீ "கேட்டுது" என்றாய். நானும் தலையாட்டினேன். வகுப்பில் என் மாணவர்கள் ஆட்டுகிற அதே ஆட்டு.

உள்ளே போனோம். இரண்டு பக்கமும் கறுத்த பாறை, அதில் பாசி, பாசியிலிருந்து சொட்டு. வானம் மேலே ஒரு கை அகலத்துக்கு நீலமாகத் தெரிந்தது. முழங்கால் ஆழத்தில் கண்ணாடிபோல் தண்ணீர். நம் கால் விரலை மீன் வந்து கடித்தது. வெகுநேரம் கழித்து நீ சொன்னாய்: "அங்க நடந்தப்ப தெனமும் நெனப்பேன், இதுலேருந்து உசிரோட வெளிய போனா போரும்னு. இங்க வெளிய போகாண்டாம்னு தோணுது." அதைச் சொன்னபோது உன் முகத்தில் யுத்தம் கொஞ்சமும் இல்லை. நான் அதைப் பார்த்தேன், சந்தோஷப்பட்டேன்.

உச்சிப்பொழுது ஆகியிருக்கும். ஆற்றை இடது கரையிலிருந்து வலது கரைக்குத் தாண்ட வேண்டிய இடம். நடுவில் மேசைபோல் ஒரு பாறை, அதற்கும் வலது கரைக்கும் இடையில் காலடிக் கற்கள். காணியும் நீயும் தாண்டி, வேர்களைப் பிடித்துக் கரையில் ஏறிவிட்டீர்கள். நான் வழக்கம்போலக் கடைசி. மேசைப்பாறையில் உட்கார்ந்து காலில் ஒட்டின அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது தண்ணீரில் ஒரு சிவப்பு நூல் வந்தது. பிறகு கை அகலம். நுரை, சருகு, ஒரு பறவைக்கூடு. ஐந்து நிமிஷத்துக்குள் ஆறு முழுக்கச் செம்மண் நிறம்.

மக்கா, எனக்குப் பயமே வரவில்லை. இதை நான் எப்படிச் சொன்னாலும் யாருக்கும் புரியாது, நாஞ்சில் நாட்டான் ஒருவனைத் தவிர. சிவந்த தண்ணீரைப் பார்த்து நாம் எப்போதாவது பயந்திருக்கிறோமா? எனக்குத் தெரிந்ததெல்லாம் கருகி நிற்கிற நாற்று. மழை வந்துவிட்டது, ஊர் பிழைத்துவிட்டது! இங்கே போதகர் ஐயாவும் இல்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பாறையிலிருந்து இறங்கினேன். முழங்கால் வரை தண்ணீர். இரண்டு கையாலும் அள்ளித் தலையில் விட்டேன். இன்னொரு கை அள்ளிக் கண்ணில் ஒற்றினேன். காணி கத்துவது கேட்டது. நீ கத்துவது கேட்டது. நான் சிரித்துக்கொண்டு உன்னைக் கூப்பிட்டேன்: "எறங்கி வாடே, புதுத்தண்ணி!"

மூன்றாவது கை அள்ளக் குனிந்தபோது தண்ணீர் இடுப்பில் நின்றது. காலை எடுக்கப் பார்த்தேன், எடுக்க வரவில்லை. அடியில் கல் உருள்கிற சத்தம் என் எலும்புக்குள் கேட்டது. அப்போதுதான் புரிந்தது. நீ அதற்குள் கரையிலிருந்து இறங்கிவிட்டாய். காணி உன் கையைப் பிடித்ததையும் நீ உதறியதையும் நான் பார்த்தேன். கல்லுக்குக் கல் சாடி மேசைப்பாறைக்கு வந்து, என் சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் பாறையில் போட்டாய். ஒரு வார்த்தை திட்டவில்லை. முதுகில் கைவைத்து அடுத்த கல்லுக்குத் தள்ளினாய். நான் பிறகு எந்தக் கல்லில் கால் வைத்தேன் என்று தெரியாது, காணி நீட்டின கம்பைப் பிடித்துக் கரையில் விழுந்தேன். எழுந்து திரும்பிப் பார்த்தேன். காலடிக் கற்கள் ஒன்றுகூட இல்லை. நடு ஆற்றில் பாறை, பாறைமேல் நீ.

காணி தண்ணீரைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார். "பிரம்பு வெட்டணும். குடிக்குப் போய் ஆளு கூட்டிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார். போகிற வழியில் ஒரு தரம் திரும்பி என்னிடம் கேட்டார்: "செவந்த ஆத்துல எதுக்கு எறங்கினது?"

நீயும் நானும் மட்டும் இருந்தோம். நமக்கு நடுவில் இருபது முழம் தண்ணீர். என் வேஷ்டியையும் உன் போர்வையையும் கிழித்து முடிந்து, கல்லைக் கட்டி எறிந்தேன். பாதிகூட வரவில்லை. மறுபடி எறிந்தேன். மறுபடி. கோவணத்தோடு நின்று தேவனைக் கூப்பிட்டேன். என் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள், என் கண்ணை எடுத்துக்கொள் என்று என்னென்னவோ கத்தினேன். பிறகு கெட்ட வார்த்தையால் திட்டினேன், யாரைத் திட்டினேன் என்று தெரியாது. இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பாறைமேல் தண்ணீர் ஏற ஒரு சாண் இருந்தது, அரைச் சாண் இருந்தது. நான் ஆற்றில் குதிக்கப் போனேன். நீ முஷ்டியை ஓங்கிக் காட்டி, கையைக் கீழே அமர்த்தி, உட்கார் என்றாய். நான் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு நீ ஒன்று செய்தாயே. குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளுவதுபோல் அள்ளி, தலையில் தெளித்துக் கண்ணில் ஒற்றிக் காட்டினாய். என்னை மாதிரியே, என் தொந்தியோடு, என் குனிவோடு. காட்டிவிட்டு வாயைத் திறந்து சிரித்தாய். நக்கல் பண்ணினாய்லே நீ, அந்த நேரத்தில்! நான் அழுதுகொண்டிருந்தவன் சிரித்துவிட்டேன். இந்தப் பதினொரு வருஷத்தில் நான் அடியோடு மறக்க விரும்புவது ஒன்று உண்டென்றால் அதுதான். உன் சாவைக்கூடத் தாங்கிக்கொள்வேன் போலிருக்கிறது, அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

காணி இரண்டு பேரோடு வந்தார். பச்சைப் பிரம்புக் கொடிகளை ஒன்றோடொன்று பிணைத்து நீளமாக்கியிருந்தார்கள். நாலாவது எறிப்பில் நீ பிடித்தாய். அப்போது உன் முழங்கால்வரை தண்ணீர். மார்பைச் சுற்றிக் கட்டினாய். நாங்கள் நாலு பேரும் பிரம்பின் மறுமுனையை ஒரு மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டோம். நீ கையைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சாடினாய். இழுத்தோம். வந்தாய். பாதி தூரம் வந்துவிட்டாய். உன் தலைமயிர், காது, காதோரத்துத் தழும்புகூட எனக்குத் தெரிந்தது. ஆற்று வளைவில் வேரோடு ஒரு மரம் வந்தது. உனக்கு முன்னால் நான் அதைப் பார்த்தேன். கத்தினேன். பிரம்பு என் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு ஓடியது, பிறகு கனம் இல்லாமல் போய்விட்டது. நாலு பேரும் மல்லாந்து விழுந்தோம்.

மூன்றாம் நாள் அணைத் தண்ணீரின் ஓரத்தில் உன்னைக் கண்டெடுத்தார்கள். நீ நம் ஊருக்கு வண்டியில் வந்து சேர்ந்த அன்றுதான் சானலிலும் தண்ணீர் வந்து சேர்ந்தது. கரையெல்லாம் கூட்டம், குரவை. நம் வண்டியைப் பார்த்ததும் அது வரிசையாக அடங்கிக்கொண்டே வந்தது. தங்கம்மை தலை ஈரமாக நின்றாள். போதகர் ஐயா ஆளை விலக்கிக்கொண்டு வந்து என் தோளில் கைவைத்து, "எப்படி நடந்தது, உபாத்தியாயரே?" என்றார்.

நான் அவருடைய அங்கியைப் பார்த்தேன். அறிவிப்பை வாசித்த என் குரல் எனக்கே கேட்டது. வீட்டில் மூன்று பிள்ளைகள், வேறு வேலை தெரியாது. "கால் வழுக்கிட்டு, ஐயா" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. காணி மலையை விட்டு இறங்கி வருகிறவர் இல்லை, அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

உன்னை அடக்கம்பண்ணின வாரமே பேச்சு கிளம்பியது. யுத்தத்திலிருந்து உயிரோடு வந்தவன் நம் ஆற்றில் வழுக்கி விழுவானா, தண்ணி போட்டிருப்பான், பட்டாளத்துக்காரன்தானே. அம்பட்டன் கடையில் முதல்முதலாக அதைக் கேட்டபோது பாதித் தலை சிரைத்திருந்தது. எழுந்து சொல்ல எனக்கு வாய் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு அது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி ஆகிவிட்டது. பிள்ளைகளைக் குடிக்காதே என்று கண்டிக்கிற அப்பன்மார் உன் பேரைச் சொல்லிக் கண்டித்தார்கள்.

உன் மகள் என் வகுப்பில் படிக்கிறாள். உன் நாடி, தங்கம்மை நிறம். போன புதன்கிழமை, அவரவர் அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுவிட்டேன். புத்தி கெட்டுப்போய்க் கேட்டது. அவள் முறை வந்ததும் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, வாய்ப்பாடு ஒப்பிக்கிறதுபோல் சொன்னாள்: "எங்கப்பா குடிச்சுட்டு ஆத்துல விழுந்து செத்துப்போனாவ, சார்." அழவில்லை. வெட்கப்படவும் இல்லை. அவளுக்கு அது வெறும் செய்தி. நான் அவளை உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

மறுநாள் மாலை உன் வீட்டுக்குப் போனேன். தங்கம்மை முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க வாத்தியாரே. பிள்ள எதாம் வம்பு செய்தாளா?" என்றாள். நின்றபடியே சொன்னேன். "மதினி, அவன் வழுக்கல்ல" என்று ஆரம்பித்தேன். புதுத்தண்ணீரைச் சொன்னேன், நான் அள்ளின மூன்று கையைச் சொன்னேன், நீ காணியின் கையை உதறினதைச் சொன்னேன். அவள் புடைப்பதை நிறுத்தவில்லை. பயறு எல்லாம் போய் வெறும் முறம் ஆடிக்கொண்டிருந்தது.

"அப்பம் அவிய குடிக்கல்ல."

"ஒரு துள்ளி இல்ல, மதினி."

"உங்கள எடுக்க எறங்கினாவ."

"ஆமா."

முறத்தைக் கீழே வைத்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாயிருக்கும். அவள் என்னைப் பார்க்காமல், மிகவும் பையச் சொன்னாள்: "நானும் நம்பினேன், வாத்தியாரே. எனக்குச் சத்தியம் செய்து தந்துட்டு, மலைக்குப் போனதும் குடிச்சிட்டாவன்னு நானே நம்பினேன். வெசனத்த விட கோவம்தான் எனக்கு. இந்தப் பதினொரு வருசமா அவிய கல்லறைக்கு நான் ஒரு பூ கொண்டு வைக்கல்ல."

அது எனக்குத் தெரியும், மக்கா. கல்லறைத் தோட்டம் பள்ளிக்கூடத்து சன்னலுக்கு நேரே இருக்கிறது. அவள் வராததைப் பார்த்திருக்கிறேன். துக்கம் தாங்காமல் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. உன்னை ஆறு ஒரு தடவை எடுத்தது. நான் அவளிடமிருந்து உன்னைத் தினமும் எடுத்திருக்கிறேன். உன் பேரை எடுத்தேன், உன் மகளிடமிருந்து அப்பனை எடுத்தேன். எதற்கு? மாதச் சம்பளத்துக்கும், பத்துப் பேர் வைக்கிற கும்பிடுக்கும்.

"எனக்கு மட்டும் சொன்னா போராது" என்றாள். "குடிகாரன்னு சொன்னவனுவ அத்தன பேரும் கூடுத எடத்துல சொல்லுங்க. சபையில சொல்லுங்க." என் வேலை போய்விடுமே என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கினேன்.

நேற்று மத்தியானம் அவள் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தாள். பூவும் கொண்டுவரவில்லை, ஒன்றும் கொண்டுவரவில்லை. தரையில் உட்கார்ந்து உன்மேல் முளைத்திருந்த புல்லையும் தொட்டாச்சிணுங்கியையும் வெறுங்கையால் பிடுங்கினாள். நல்ல வெயில். நான் வகுப்பில் நின்று ஏதோ பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகும் அவள் பிடுங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

நாளைக்குச் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நாலே வரி. அவன் வழுக்கி விழவில்லை. அவன் குடித்திருக்கவில்லை. புதுத்தண்ணீரைத் தலையில் தெளிக்க ஆற்றில் இறங்கினவன் நான். என்னைக் கரையேற்ற வந்து அவன் போனான். காலையிலிருந்து இருபது தடவை சத்தமாக வாசித்துப் பார்த்துவிட்டேன். மூன்றாம் வரிக்கு வந்ததும் குரல் நின்றுவிடுகிறது. எவ்வளவு தண்ணீர் குடித்துப் பார்த்தாலும் நின்றுவிடுகிறது. நாளைக்கும் அப்படி ஆனால், ஐயோ பாவம் என்று யாராவது என்னைப் பிடித்து உட்கார வைப்பார்கள், நானும் உட்கார்ந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அதனால் சற்று முன் அந்தத் தாளை இன்னொரு படி எடுத்து, உன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். தங்கம்மைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நாளை என் குரல் நின்றால், மிச்சத்தை உன் மகள் வாசிப்பாள்.